பிஎச்டிஎல்எஸ் (விபத்துல அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி பாத்துக்குற பயிற்சி) எக்ஸாம் எழுதப் போறவங்களுக்கு
முதல்ல, அடிபட்டவங்கள எந்த வரிசைல பாக்கணும்னு சொல்ற எக்ஸ்ஏபிசிடிஇ (எக்ஸ் கொட்டுற ரத்தம், ஏ ஏர்வே அதாவது மூச்சுப்பாதை, பி மூச்சு, சி ரத்த ஓட்டம், டி மூளை நரம்பு நிலை, இ துணிய விலக்கி உடம்ப பாக்குறது) வரிசைய தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஏர்வேக்கும் முன்னாடி எக்ஸ், அதாவது கொட்டுற ரத்தத்த நிறுத்துறதுதான், கை கால்ல பீய்ச்சி அடிச்சா டூர்னிக்கே (ரத்தத்த நிறுத்த இறுக்கி கட்டுற பட்டை) போட்டு, போட்ட டைம எழுதிட்டு அப்புறம்தான் மூச்சு பக்கமே போகணும். ஸ்கில் ஸ்டேஷன்ல, அதாவது செஞ்சு காட்டுற தேர்வுல, வாய்விட்டு சொல்லிட்டே செய்யுங்க, மனசுக்குள்ள பாத்தது எக்ஸாமினருக்கு தெரியாது. ஆள் வண்டிக்குள்ள சிக்கியிருந்தா ஒழிய விபத்து நடந்த இடத்துல 10 நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க, ஐவி லைன் எல்லாம் ஆம்புலன்ஸ் ஓடும்போதே போட்டுக்கலாம். நிறைய பேர் குழம்புற இடம் பிபி தாங்க: உள்ளுக்குள்ள ரத்தம் போற பேஷன்ட்டுக்கு சிஸ்டாலிக் (பிபியோட மேல் நம்பர்) 80-90 போதும், ஆனா தலைல பலமா அடிபட்டிருந்தா அது ஆகாது, 110க்கு கீழ விடக்கூடாது. போர்வை போத்துறதையும் மறந்துடாதீங்க, உடம்பு குளிர்ந்துட்டா ரத்தம் சரியா உறையாது.