பனங்கள்ளிலிருந்து வினாகிரி: காற்றை அடைக்கும் வேளையும் திறக்கும் வேளையும்

கடையில் "செயற்கை வினாகிரி" என்று சுட்டுத்துண்டு ஒட்டி விற்கப்படுவது, ஆலையில் செய்த அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்து எடுத்தது. நுண்ணுயிர்கள் செய்து தரும் வினாகிரி வேறு. யாழ்ப்பாணத்தில் அதற்கான மூலப்பொருள் சித்திரை, வைகாசி மாதங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆயினும் பனங்கள்ளை ஒரு சாடியில் ஊற்றி மூடி வைத்தால் அது தானாகவே வினாகிரியாகிவிடும் என்று எண்ணி மூன்று முறை கெடுத்த பிறகே நான்காம் முறை எனக்குச் சரிவந்தது. கெட்டதற்கான காரணங்கள் விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தமையால் அவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வினாகிரி என்பது ஒரு நொதித்தல் அன்று, அடுத்தடுத்து நிகழும் இரண்டு நொதித்தல்கள். முதலாவதில் மதுவம் (ஈஸ்ட்) சீனியை எதனோல் என்னும் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது; அதற்குக் காற்று வேண்டியதில்லை, இருந்தால் கெடுதலே. இரண்டாவதில் அசற்றோபக்டர் இனப் பற்றீரியாக்கள் அந்த எதனோலை ஒட்சிசனுடன் சேர்த்து அசற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. அதற்குக் காற்று இல்லாமல் ஒரு துளியும் நடவாது. நான் முதல் முறை செய்த பிழை இரண்டுக்கும் ஒரே மூடியைப் போட்டதுதான்.

கள்ளு வாங்குதல்

ஆறு போத்தல், அதாவது ஏறத்தாழ நாலரை லீற்றர் கள்ளு போதும். அனுமதி பெற்ற விற்பனை நிலையத்திலோ தவறணையிலோ, காலையில் இறக்கியதை அன்றே வாங்குங்கள். நீர் கலந்த கள்ளு வேண்டாம். காரணம் எளிய கணக்கு: 46 கிராம் எதனோலிலிருந்து அதிகபட்சம் 60 கிராம் அசற்றிக் அமிலம் கிடைக்கும். கள்ளில் கனவளவில் 5 சதவீதம் எதனோல் இருந்தால் அது 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 3.9 கிராம், முழுவதும் மாறினால் 5.1 கிராம் அமிலம். வீட்டுச் சாடியில் முழுவதும் மாறாது, ஒரு பங்கு ஆவியாகவும் போகும், ஆகவே 4 கிராம் அளவில் வந்து நிற்கும். வினாகிரி என்று சொல்ல 4 சதவீதமாவது வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். கள்ளில் பாதி கிணற்றுத் தண்ணீராக இருந்தால் எந்தப் பற்றீரியாவும் அந்த 4-ஐத் தர இயலாது.

இன்னொரு பொறியும் உண்டு. கருப்பணிக்காக, அதாவது புளிக்காத இனிப்புச் சாற்றுக்காக, மரத்தில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். நொதித்தலைத் தடுப்பதே அதன் நோக்கம். அந்தச் சாற்றை வாங்கி வந்து "நுரைக்கவில்லையே" என்று காத்திருப்பதில் பயனில்லை. பீஎச் தாள் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்: கள்ளு 4 அளவில் அமிலமாக இருக்கும், சுண்ணாம்புச் சாறு காரமாகக் காட்டும். காரமாகக் காட்டினால் வினாகிரி எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிட்டு அதைக் குடித்துவிடுவது நல்லது.

முதலாம் நொதித்தல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கள்ளில் இயற்கையாகவே சக்கரோமைசிஸ் மதுவம் இருக்கிறது. பாண் செய்யும் மதுவத்தை வெளியிலிருந்து சேர்க்கத் தேவையில்லை. துணியில் வடித்து, கழுத்துக் குறுகிய கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு ஊற்றி, மூடியில் துளையிட்டு ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு குவளைத் தண்ணீருக்குள் விடுங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. இறுக மூடிய போத்தல் வெடிக்கும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்து முன்பு எழுதாமல் விட்டிருந்தேன், ஒரு வாசகரின் குசினிச் சுவர் அதற்குச் சாட்சியானது. மூன்று முதல் ஐந்து நாளில் குமிழி நின்றுவிடும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் திரவமானி இருப்பவர்கள் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். அடியில் படிந்த மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் எடுங்கள். சீனி மிச்சமிருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குப் போனால் வினாகிரி இனிப்பும் புளிப்புமாகக் குழம்பி நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: இந்தத் திரவத்தை எக்காரணம் கொண்டும் காய்ச்சி வடிக்காதீர்கள். அனுமதியின்றி வடிப்பது சட்டப்படி குற்றம். வினாகிரிக்கு அது தேவையும் இல்லை.

இரண்டாம் நொதித்தல்: நான் தடுக்கி விழுந்த இடம்

ஈக்களுக்குப் பயந்து முதல் முறை சாடியை மூடி போட்டு இறுக்கினேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தபோது அது புளித்த கள்ளாகவே இருந்தது. இரண்டாம் முறை மூடியை எடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் மேற்பரப்பில் வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, மாவு தூவியதுபோல் ஓர் ஆடை படர்ந்தது. வினாகிரித் தாய், அதாவது அமிலத்தை ஆக்கும் பற்றீரியாப் படலம், வந்துவிட்டது என்று மகிழ்ந்து வீட்டாருக்கெல்லாம் காட்டினேன். அது தாய் அன்று, ஆடை மதுவம். அது எதனோலையும் அமிலத்தையும் தின்று, பழைய பாண் மணத்தை விட்டுப் போகும். உண்மையான தாய் வழுவழுப்பானது, சாம்பல் கலந்த வெண்மை, இளநீர் வழுக்கைபோல் ஒரே தகடாக எடுக்கலாம். சில அசற்றிக் பற்றீரியாக்கள் செல்லுலோசினால் நெய்யும் தகடு அது. தகடு தடிப்பாக இல்லாமல் எண்ணெய்ப் படலம்போல் மெல்லியதாக இருந்தாலும் வேலை நடக்கும்.

ஆடை மதுவம் வராமல் தடுக்க ஒரே வழி, தொடக்கத்திலேயே கள்ளை அமிலமாக்குவது. நாலரை லீற்றர் கள்ளுக்கு ஒன்றரை லீற்றர் உயிருள்ள வினாகிரியைச் சேர்த்தால் கலவையின் அமிலம் 1 சதவீதத்தைத் தாண்டும். அந்தப் புளிப்பில் மற்றவை தயங்கும், அசற்றோபக்டர் தயங்காது. உயிருள்ளது என்றால் வடிகட்டாத, சூடாக்காத, கள்ளில் செய்த வினாகிரி. அது கிடைக்காதவர்கள் ஒரு போத்தல் கள்ளை அகன்ற பாத்திரத்தில் துணி கட்டித் தனியாக வைத்து, அதில் வருவதை வித்தாகப் பயன்படுத்தலாம், இரண்டு மாதமாகலாம்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு: வாயகன்ற கண்ணாடிச் சாடி, அல்லது உட்புறம் பளபளக்கும் ஊறுகாய்ச் சாடி. அலுமினியத்தையும் செம்பையும் அமிலம் அரிக்கும். மண்பானை அழகாக இருக்கும், ஆனால் கசியும்; கழுவினாலும் பழைய வாடை போகாது. ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஆறு லீற்றரை உயரமான சாடியில் கழுத்துவரை நிரப்புவதைவிட, அகன்ற சாடி இரண்டில் பாதிப்பாதியாக வைப்பது வேலையை வாரக்கணக்கில் குறைக்கும். ஏனெனில் பற்றீரியா காற்றைச் சந்திப்பது மேற்பரப்பில் மட்டுந்தான். பிரான்சின் ஓர்லியன் நகரத்தார் மரப்பீப்பாய்களை அரைகுறையாக நிரப்பிப் படுக்கவைத்து வினாகிரி செய்ததும் இதே காரணத்தினால்தான். அந்த முறையை 1860-களில் ஆராய்ந்த லூயி பாஸ்டர், மேற்பரப்புப் படலத்தில் வாழும் உயிர்களே அமிலத்தை ஆக்குகின்றன என்று காட்டினார்.

வாயில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். கொசுவலைத் துணி போதாது. பழ ஈ அதற்குள் புகுந்துவிடும். வெயில் படாத, 25 முதல் 30 பாகை வரையான இடம் நல்லது. எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் கீழ் சித்திரை நண்பகலில் 36 பாகையைத் தொட்டதால் பற்றீரியா சோர்ந்துவிட்டது. சாடியைக் கிணற்றடிப் பக்கத்து அறைக்கு மாற்றிய பிறகே மீண்டது. சோளகம் வீசும் காலத்தில் யன்னலோரம் வைத்தால் துணியில் புழுதி படியும், அதையும் பாருங்கள். சாடியை ஆட்டாதீர்கள். படலம் மூழ்கினால் அது காற்றை இழக்கும், புதிதாக ஒன்று படர மேலும் ஒரு வாரம் போகும். மூன்றாம் முறை எனக்குக் கெட்டது இப்படித்தான்: நாளுக்கு இரண்டு தரம் கரண்டியால் கலக்கிப் பார்த்தேன்.

இடையில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் மணம் வந்தால் அஞ்ச வேண்டாம். எதனோலும் அமிலமும் சேர்ந்து எதைல் அசற்றேற்று உண்டாகிறது. எதனோல் குறையக் குறைய அதுவும் மங்கிவிடும்.

எப்போது நிறுத்துவது

நாக்கை நம்பாதீர்கள், 3 சதவீதமும் 4 சதவீதமும் நாக்குக்கு ஒன்றுதான். உயர்தர வகுப்பில் செய்த நியமிப்பை, அதாவது காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அமிலத்தை அளப்பதை, நினைவுகூருங்கள். வினாகிரியில் 2 மில்லிலீற்றரை எடுத்து, கொதித்தாறிய நீர் 20 மில்லிலீற்றருடன் கலந்து, காரத்தில் நிறம் மாறும் பினோத்தலீன் இரண்டு துளி இட்டு, 0.1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாகச் சேர்த்து, மென்சிவப்பு அரை நிமிடம் நிலைக்கும்போது நிறுத்துங்கள். செலவான மில்லிலீற்றரை 0.3-ஆல் பெருக்கினால் அமிலச் சதவீதம். துளித்துளியாக விடும் அளவி (பியுரெட்) இல்லாவிடில் மருந்துக்கடைச் சிறிஞ்சு, 20 மில்லிலீற்றர் கொள்வது, வீட்டுத் தேவைக்குப் போதும். ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். லீற்றருக்கு 4 கிராம் நிறுத்துக் கரைத்தால் சரியாக 0.1 வந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள்: ஐதரொட்சைட்டு வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். நியமித்த கரைசலாகவே வாங்குவது உத்தமம். பினோத்தலீன் கிடைக்காதவர்கள் மஞ்சள் நீரைப் பயன்படுத்தலாம். காரத்தில் அது சிவக்கும், எல்லை மட்டும் சற்று மங்கலாக இருக்கும்.

என்னுடைய கணக்குப் புத்தகத்தில், 21-ஆம் நாள் 7.5 மில்லிலீற்றர், 35-ஆம் நாள் 12, 42-ஆம் நாள் 13.8, 49-ஆம் நாள் 13.9. அதாவது கடைசி வாரத்தில் ஏறக்குறைய அசையவில்லை. அங்கேதான் நிறுத்த வேண்டும். எதனோல் தீர்ந்த பின்னும் சாடியைத் திறந்தே விட்டால், அதே பற்றீரியா தான் செய்த அசற்றிக் அமிலத்தையே நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் எரிக்கத் தொடங்கும். ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்த ஒருவர், வினாகிரி பச்சைத் தண்ணீராகிவிட்டது என்று எழுதியிருந்தார்; மாயம் ஒன்றுமில்லை, இதுவே காரணம். காற்றைத் திறப்பது எவ்வளவு முக்கியமோ, வேலை முடிந்ததும் அடைப்பதும் அவ்வளவு முக்கியம்.

தூய்மைப்படுத்தல்

படலத்தின் ஓரத்தை மெதுவாக விலக்கி, சிறு குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். தாயையும் ஒன்றரை லீற்றர் திரவத்தையும் அடுத்த தடவைக்கு விட்டுவிடுங்கள். எடுத்ததைப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மங்கலின் பெரும்பகுதி தானே படியும். முட்டை வெள்ளைக்கருவால் தெளிய வைக்கும் முறையை நான் விரும்புவதில்லை. முட்டை ஒவ்வாதவர்களுக்கு அது வம்பு. தெளிந்ததைக் கோப்பி வடிக்கும் தாளில் வடியுங்கள்.

பிறகு, உயிர்களை அடக்க வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் துணி விரித்து, போத்தல்களை நிறுத்தி, மூடியைத் தளர்த்தி, சுற்றிலும் நீரூற்றிச் சூடாக்குங்கள். உள்ளே வெப்பம் 65 பாகையை அடைந்ததும் அரை மணி நேரம் அதே அளவில் வைத்திருந்து, சூட்டோடு மூடியை இறுக்குங்கள். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். இதைச் செய்யாமல் அடைத்த போத்தலில் சில வாரத்தில் புதிய தாய் முளைத்து மிதக்கும். உண்பதற்குத் தீங்கில்லை, பார்ப்பவர் முகம் சுளிப்பார்.

இப்போது உங்கள் கையில் இருப்பது தூய அசற்றிக் அமிலம் அன்று. கள்ளிலுள்ள இலத்திக் அமிலம், சிறிதளவு எதனோல், மணப்பொருட்கள், நிறம் எல்லாம் அதிலே உண்டு. நியமிப்பும் எல்லா அமிலத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. ஊறுகாய்க்கு அதுவே சிறப்பு. தூய அமிலம் வேண்டுமென்போர் காய்ச்சி வடித்தால் செறிவு கூடும் என்று நினைக்கிறார்கள். நீர் 100 பாகையிலும் அசற்றிக் அமிலம் 118 பாகையிலும் கொதிப்பதால் முதலில் வடிவது மூலத்தைவிட நீர்த்ததாகவே இருக்கும். வடிப்பதால் இலத்திக் அமிலமும் நிறமும் பின்தங்கும், அவ்வளவுதான். முற்காலத்தில் ஆலைகள் சுண்ணாம்பு சேர்த்துக் கல்சியம் அசற்றேற்றாக்கி உலர்த்தி, சல்பூரிக் அமிலத்தால் மீண்டும் அமிலத்தைப் பிரித்தன. இன்று உலகின் அசற்றிக் அமிலத்தின் பெரும்பகுதி மெதனோலையும் காபனோரொட்சைட்டையும் இணைத்தே செய்யப்படுகிறது. குசினிக்கு இரண்டும் ஒவ்வாதவை.

பின்னர் சேர்த்தவை

கடைச் செயற்கை வினாகிரியை வித்தாக ஊற்றலாமா என்று பலர் கேட்டார்கள். அதில் உயிர் இல்லை, ஆகவே வித்தாகாது. ஆயினும் தொடக்க அமிலத்தை 1 சதவீதத்துக்கு உயர்த்த அது உதவும். கள்ளில் முன்பே இருக்கும் அசற்றோபக்டர் அதற்குள் மெல்லப் பெருகும். நானே சோதித்தேன், படலம் வர 18 நாள் எடுத்தது.

வினாகிரியை இன்னும் வலுவாக்க விரும்பிய ஒருவருக்கு உறைபெட்டி முறையைச் சொன்னேன்: பிளாஸ்ரிக் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி உறையவைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, முதலில் உருகி வடிவதை மட்டும் எடுக்க வேண்டும். நீரே முதலில் பனிக்கட்டியாவதால் அமிலம் உருகிய பகுதியில் கூடும். 4.1 சதவீதத்தில் தொடங்கிய எனக்கு முதல் பாதி 6.3 என்று வந்தது. மீதிப் பாதியை நிலம் துடைக்கப் பயன்படுத்தினோம்.