வன்னியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறீர்களா? முதன்முறை போகிறவர்களுக்கு

வைகாசி பிறந்தால் முல்லைத்தீவுப் பக்கத்தில் இந்தப் பேச்சுத்தான். இந்த வருசம் யார் யார் நடக்கிறார்கள், எந்த வேல்சாமியோடு, அதாவது வேலைத் தாங்கிக் குழுவை நடத்திப் போகிறவரோடு, போகிறார்கள், உகந்தைக் காட்டுப்பாதை எப்போது திறக்கும் என்று கோயில் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் இதுவரை நடந்ததில்லை. ஆசை இருக்கிறது, நேர்த்தி இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது, நடுவழியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சம் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். பாத யாத்திரையில் ஆட்கள் நடுவழியில் வீடு திரும்ப வேண்டி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை. முதல் நாள் சொல்லாமல் மறைத்த சின்ன நோவுதான். முருகன் பார்த்துக்கொள்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். அதனால் நோ தொடங்கிய உடனே பக்கத்தில் நடக்கிறவருக்குச் சொல்லிப் பழகுங்கள்.

முதலில், எங்கிருந்து, யாரோடு

முழு யாத்திரை வடமராட்சியில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. வன்னிக்குள் வந்து, முல்லைத்தீவுக் கரையால் இறங்கி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று கிழக்குக் கரை முழுவதும் போய், கடைசியில் குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் சேரும். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாள் வீட்டை விட்டு இருக்க எல்லோராலும் முடியாது. வன்னி ஆட்கள் பலர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலை முடித்துக்கொண்டு அங்கிருந்து சேர்ந்துகொள்கிறார்கள். முதன்முறை என்றால் அதுதான் நல்லது என்பது என் எண்ணம். பொங்கலுக்கு வந்த சனத்துக்குள்ளேயே பழைய ஆட்களைச் சந்திக்கலாம், எந்தக் குழு எப்படி நடக்கிறது என்று கேட்கலாம்.

குழுவைத் தெரிவு செய்யும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள். நடக்க முடியாமல் போகிறவரை இவர்கள் என்ன செய்கிறார்கள்? வேல் முன்னால் போகும், ஆனால் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் ஒரு அனுபவசாலி வருகிறாரா? அப்படி ஒருவர் இல்லாத குழுவில் முதல் தடவை சேராதீர்கள். தனியாக நடக்கவே வேண்டாம், பெண்களென்றால் ஏற்கனவே பெண்கள் இருக்கிற குழுவாகப் பாருங்கள்.

உடம்பைத் தயார்படுத்துவது

ஒரு மாதமாவது முன்னதாகத் தொடங்குங்கள். காலையில் இருட்டோடு எழும்பி, கொண்டுபோகப் போகிற பையையே தோளில் போட்டுக்கொண்டு, கொண்டுபோகப் போகிற செருப்போடு நடக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு முன் ஒரு தடவை புதுக்குடியிருப்பிலிருந்து வற்றாப்பளைக்கோ, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலிலிருந்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்கோ நடந்து பாருங்கள். அடுத்த நாள் காலை எழும்பி மறுபடியும் கொஞ்சம் நடக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. முதல் நாளை யாரும் நடந்துவிடலாம்.

சீனி வருத்தம், பிரசர், நெஞ்சு நோ இருப்பவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டு, போய் வரும் வரைக்கும் காணக்கூடிய மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள், வேறு ஊர் ஆஸ்பத்திரியில் அதுதான் உங்களுக்காகப் பேசும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடப்பதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். கால் மரத்திருக்கும், முள் ஏறினதே தெரியாது, புண் பெருத்த பிறகுதான் தெரியும். இன்சுலின் போடுபவர்கள் அதைத் தண்ணீர் படாமல் சுற்றி, சின்ன மண் சட்டிக்குள் வைத்து, சட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டிக் கொண்டு போகலாம். துணி காயக் காய நனைக்க வேண்டும்.

பைக்குள் என்ன

குறைவாக. இரண்டு மாற்று உடுப்பு, ஒரு சாறம் அல்லது சேலை போர்த்திக்கொள்ள, துவாய், நுளம்பு வலை, படுக்க ஒரு சின்னத் தறப்பாள் துண்டு, ரோச் லைற், தண்ணீர்ப் போத்தல் இரண்டு, தேசிய அடையாள அட்டை. மருந்துப் பொட்டலத்தில் பனடோல், ஜீவனி பைக்கற் (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்), பிளாஸ்டர், ஊசி, கிருமி நீக்கி மருந்து, வசிலின். சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். வழி நெடுக ஊர்ச்சனம் அன்னதானம் தருவார்கள், கஞ்சியும் மோரும் கேட்காமலே வரும். கையில் கொஞ்சம் பொரிவிளாங்காயோ எள்ளுருண்டையோ இருந்தால் போதும். நேர்த்திக்காகக் காசில்லாமல் நடப்பவர்கள் உண்டு, அது பெரிய விசயம்தான். ஆனாலும் அவசரத்துக்கு பஸ் காசை மட்டும் துணிக்குள் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

விடிய முன் எழும்பி, வேலுக்குப் பூசை முடித்து, வெளிச்சம் வர முன்பே நடை தொடங்கும். வெயில் ஏறும் முன் ஒரு கோயிலிலோ மரத்தடியிலோ ஒதுங்கிவிட வேண்டும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மறுபடியும் நடை, இரவு பஜனை, படுக்கை. இந்தக் காலத்தில் வன்னியில் சோளகம் அடிக்கும், காற்று இருக்கிறதே என்று வெயிலின் கொடுமை தெரியாது, வியர்வை உடனே காய்ந்து போகும், ஆனால் உடம்பில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். தாகம் வர முன் குடியுங்கள்.

காலில் தொடங்கும் சிக்கல்

இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு முதல் தடங்கல் இதுதான். வற்றாப்பளை தாண்டி சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று கரையோரம் போகும்போது ஒரு இடத்தில் தார் றோட்டு, இன்னொரு இடத்தில் மணல். மணல் செருப்புக்குள் புகுந்து குதிக்காலில் உரசும். முதலில் ஒரு எரிவு மட்டும் இருக்கும். நிற்க வேண்டியது அந்த இடத்தில்தான். உட்கார்ந்து, காலைக் கழுவித் துடைத்து, எரிகிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு நடந்தால் கொப்புளமே வராது.

அளம்பிலுக்குக் கிட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் நான் பார்த்தது. ஒரு பிள்ளை, முதல் தடவை நடக்கிறவள், செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். அந்த வீட்டு அம்மா விடவில்லை, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். குதிக்கால் முழுக்கத் தோல் கழன்று, சுற்றியிருந்த சாறத் துணி ஒட்டிப்போய் இருந்தது.

"பிள்ளை, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"என்னாலை எல்லாரும் நிக்க வேண்டி வருமெண்டு பயந்தனான் அம்மா."

அம்மா ஒன்றும் சொல்லாமல் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துணியை ஊறவைத்து மெல்லமாக எடுத்தார். அன்று குழு முழுவதும் அந்த வளவிலேயே தங்கியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, மதியம் நல்ல பருப்புக்கறியோடு சோறும் கிடைத்தது.

கொப்புளம் வந்துவிட்டால் இப்படிச் செய்யுங்கள். சின்னது, நோகவில்லை என்றால் தொடாதீர்கள், மேலே மூடிக் கட்டுங்கள். பெரிதாகி நடக்கவே விடாது என்றால், ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொப்புளத்தின் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடிய விடுங்கள். தோலை உரிக்கக் கூடாது, கீழே புதுத் தோல் வளரும்வரை அதுதான் மருந்து. மருந்து பூசி, சுத்தத் துணியால் கட்டுங்கள். சிலர் நூல் கோத்து விடுவார்கள், அந்த நூல் வழியாகவே ஊத்தை உள்ளே போகும், வேண்டாம். சுற்றிச் சிவந்து, சூடேறி, சீழ் வந்தால் அல்லது காய்ச்சல் அடித்தால் அது ஆஸ்பத்திரி வேலை.

தொடை உரசல் இன்னொன்று, வெட்கத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நடக்க முன் வசிலின் பூசுங்கள், ஈர உடுப்போடு நடக்காதீர்கள்.

வெயில், வயிறு, பாம்பு

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருவது போல இருந்தால் அந்த இடத்திலேயே நிழலில் உட்காருங்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறி, ஆள் மயங்கி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெயில் பாதித்தது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வயிற்றோட்டம் என்றால் ஜீவனி. பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், பாதிப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைப்பது பிழை. ஜீவனி இல்லாவிட்டால் கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

இரவில் தரையில்தான் படுக்கை. எட்டடி விரியன் பாம்பு பெரும்பாலும் தூங்குகிறவரைத்தான் கடிக்கும், கடித்தது பல வேளை தெரியவே தெரியாது. நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே மடித்துவிட்டுப் படுத்தால் நுளம்பும் வராது, அதுவும் வராது. கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும். வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், ஆளை அசைய விடாமல் ஆஸ்பத்திரிக்கு.

அப்புறம் வன்னிக்கே உரிய ஒன்று. ஒதுங்கப் போனாலும் விறகு பொறுக்கப் போனாலும் பழகிய ஒற்றையடிப்பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் போகவே கூடாது. பலகை இல்லாத இடத்தில் ஊர்க்காரரைக் கேளுங்கள். தெரியாத இரும்பைத் தொட வேண்டாம்.

மனம் நின்றுபோனால்

சந்நிதியிலிருந்து வருகிற குழு புதுக்குடியிருப்புப் பக்கத்தால் வந்தால் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வட்டுவாகல் பாலத்தால்தான் முல்லைத்தீவுக்குள் இறங்கும். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எங்கள் சனம் கடந்து வந்த பாலம் அது. நன்றாக நடந்துகொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் திடீரென்று உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காலில் ஒன்றுமில்லை, மூச்சு வாங்கும், கை நடுங்கும், அழுகை வரும். யாத்திரை போகிறவர்களில் காணாமல் போன பிள்ளைக்காக நேர்த்தி வைத்து நடக்கிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் துண்டு றோட்டுத்தான் முழு யாத்திரையிலும் கடினம், யாலக் காடு இல்லை.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவசரப்படுத்தாதீர்கள், "அழாதையுங்கோ" என்று சொல்லாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், தண்ணீர் கொடுங்கள். நடக்க ஏலாது என்றால் அந்தப் பகுதியை மட்டும் ஓட்டோவில் கடக்க விடுங்கள். நேர்த்தி முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தாயின் நேர்த்தியை அளக்க எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

வழியும் திகதியும் மாறினால்

செம்மலை, நாயாறு தாண்டினால் கொக்கிளாயில் களப்பு குறுக்கே வரும். படகில் கடப்பதா, தரையால் சுற்றிப் போவதா என்பது அந்த வருசக் காற்றையும் குழுவின் அளவையும் பொறுத்தது. காற்று மோசமென்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டி வரலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய காத்திருப்பு உகந்தையில். குமண வாசல் ஆண்டு முழுவதும் யாத்திரைக்குத் திறந்திருக்காது. ஆடிவேல் விழாவையொட்டிச் சில நாட்கள்தான், அந்தத் திகதியை அதிகாரிகள் கூடி முடிவெடுப்பார்கள், சில வருசம் மாறியும் இருக்கிறது. முந்திப் போய்விட்டால் உகந்தை முருகன் கோயில் வளவில் தங்கிக் கால்களை ஆற்றுங்கள், காட்டுக்கு அது தேவைப்படும். உள்ளே கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று சில நாள் நடை. யானையும் கரடியும் உள்ள காடு, கடை கிடையாது, தண்ணீர் உள்ள இடங்கள் எண்ணிக்கைதான். குழுவை விட்டு ஒரு அடி விலகக் கூடாது, இருட்டிய பிறகு நடக்கக் கூடாது. உகந்தைக்கு வரும்போதே காய்ச்சலோ ஆறாத புண்ணோ இருந்தால் காட்டுக்குள் இறங்காதீர்கள், பொத்துவிலுக்குத் திரும்பி பஸ்ஸில் கதிர்காமம் போங்கள். உள்ளே போய் விழுந்தால் உங்களைத் தூக்கி வருவது மற்றவர்களுடைய உயிருக்கும் ஆபத்து.

வழியில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது? ஊருக்குள் என்றால் அடுத்த கோயிலில் போய் இருங்கள், குழு கட்டாயம் அங்கே கேட்டு வரும். போன் பற்றரி செத்துப்போகும், ஆகவே வேல்சாமியின் இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடமும் தினமும் எடுப்பேன் என்று சொல்லாதீர்கள், மூன்று நாளைக்கு ஒருக்கால் என்று சொல்லுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அங்கே அவர்கள் பதறிப்போய்ப் பொலிசுக்குப் போவார்கள்.