குறைந்த அளவு கஞ்சா: புதியவர்கள் திரும்பத் திரும்ப விடும் தவறுகள்

கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது. அடுத்த வருடம் உண்ணும் வகைகளுக்கும் அனுமதி வந்தது. ரொறன்ரோவில் என்னைத் தெரிந்தவர்கள் முதல்முறை எடுக்கும்போது கேட்பது ஒன்றுதான்: உடம்பு கொஞ்சம் இளக வேண்டும், புத்தி கலங்கக் கூடாது. செய்யக்கூடிய விஷயம்தான். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது துண்டு

புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். சாப்பிட்டால் அப்படி இல்லை. குடலால் உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகும் டிஎச்சி (THC, கஞ்சாவில் போதை தரும் பொருள்), அங்கே வீரியம் கூடிய இன்னொரு வடிவமாக மாறுகிறது. தொடங்க அரை மணியும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். உச்சத்துக்குப் போக நாலு மணி நேரம்கூட எடுக்கும். போதை இறங்கப் பன்னிரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். மிச்ச மந்தம் இருபத்துநாலு மணி நேரம்கூட இருக்கலாம்.

போன மாரியில் ஒரு நண்பர் வீட்டில் அவருடைய மைத்துனர், வயிறு நிறையச் சோறும் இறைச்சிக்கறியும் சாப்பிட்ட கையோடு 2.5 மில்லிகிராம் டிஎச்சி உள்ள கஞ்சா இனிப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். சரியான அளவு. ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணை, ஒண்டும் செய்யேல்லை" என்றார். "பொறு தம்பி" என்றேன். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நேரத்தில் பொதியில் மிச்சமிருந்த மூன்றையும் வாயில் போட்டுவிட்டார். நள்ளிரவுக்கு முன்பே சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, நெஞ்சு படபடக்குது, சாகப்போறன் என்று அழுதார். விடியும்வரை பக்கத்தில் இருந்தோம். மறுநாள் மதியமும் தலை மந்தம், வேலைக்குப் போகவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். முதல் துண்டு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். நிறைந்த வயிறு அதை இன்னும் தாமதமாக்கும். கனடாவில் உண்ணும் வகைகளில் ஒரு பொதிக்கு டிஎச்சியின் உச்ச அளவு 10 மில்லிகிராம். ஒரு புதியவருக்கு அந்த முழுப் பொதியே மிக அதிகம்.

2.5 எடுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். போதவில்லை என்றால் வேறொரு நாள் 5 எடுத்துப் பாருங்கள். மிச்சத்தைக் கையெட்டாத இடத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். யாருக்காவது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் யோசிக்காமல் 911 அழையுங்கள்.

லேபலின் சின்ன எண்

புகைக்கும் உலர்ந்த கஞ்சாப் பூவின் லேபலில் இரண்டு எண் இருக்கலாம். டிஎச்சி 8, மொத்த டிஎச்சி 220 என்று போட்டிருந்தால், 8ஐப் பார்த்து மென்மையானது என்று வாங்காதீர்கள். சூடாக்கியதும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 220, அதாவது கிராமுக்கு 220 மில்லிகிராம்.

மது

சேர்க்க வேண்டாம்.

வாகனம்

தலை தெளிவாகத்தான் இருக்கிறது என்று அந்த நேரத்தில் தோன்றும். அதை நம்பிச் சாவியை எடுக்காதீர்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே குற்றம்.

விமான நிலையம்

ஊருக்குப் போகும் பையை உதறிப் பாருங்கள். கனடா எல்லையைத் தாண்டி எந்த நாட்டுக்கும் கொண்டுபோக முடியாது.

எடுக்கவே கூடாதவர்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், தமக்கோ குடும்பத்திலோ மனப்பிறழ்வு நோய் உள்ளவர்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

பிள்ளைகள்

பூட்டி வையுங்கள். பொதியிலிருந்து வெளியே எடுத்த துண்டு, பார்வைக்குச் சாதாரண இனிப்புத்தான்.