மாவு டிரம்மின் நடுச்சூட்டை அளக்க உணரி பொருத்தும் முறை

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மாலையில் அரைத்து வைத்த மாவு விடியுமுன்பே பொங்கி, பாக்கெட் போடும் நேரத்தில் புளிப்பேறிவிடும். அறைச் சுவரில் மாட்டிய வெப்பமானியோ 30 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும். கிரைண்டர் கல்லின் உராய்வில் சூடேறி இறங்கும் மாவு கெட்டியானது, போகப்போகக் குமிழிகள் நிறைவது. எனவே 20 லிட்டர் டிரம்மின் ஓரம் தொட்டால் குளிர்ந்திருந்தாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூட்டை விடுவதில்லை. வெப்பத்தை அளக்கும் உணரியை (சென்சார்) டிரம்மின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டுவது வீண்வேலை என்று நான் கருதுவது இதனால்தான். அது மாவின் நடுவில் நிற்க வேண்டும்.

உணரியை நேரடியாக மாவில் தொங்கவிடக் கூடாது. அதன் முனைக்கும் கேபிளுக்கும் இடையிலுள்ள இணைப்பில் மாவு புகுந்து அழுகும், கழுவவும் முடியாது. ஒரு முனை அடைக்கப்பட்ட எவர்சில்வர் குழாய்க்குள் அதை இறக்குவதே சரி. கடைகளில் கிடைக்கும் டி.எஸ்.18பி20 என்ற டிஜிட்டல் வெப்ப உணரியின் உலோக முனை பொதுவாக 6 மி.மீ. தடிமன் உடையது, ஆகவே வெளிவிட்டம் 8 மி.மீ., உள்விட்டம் 7 மி.மீ. உள்ள குழாய் போதும். இந்த உணரிக்கு, அதன் அளவைப் படித்துத் திரைக்கு அனுப்பும் சிறு மின்பலகையும், தரவுக் கம்பிக்கும் மின்கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையும் தேவை. அந்த வேலை தெரியாதவர்கள் திரையும் உணரியும் சேர்ந்த செட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு செட்டின் உணரியை இன்னொன்றில் மாற்றிப் போட்டால் அளவு பிழையாக வரலாம்.

குழாயின் நீளத்தை டிரம்மை அளந்து முடிவு செய்யுங்கள். என்னுடைய டிரம் 30 செ.மீ. உயரம், மாவு ஏறக்குறைய இரு மடங்காகப் பொங்கும் என்பதால் 15 செ.மீ. மட்டத்துக்குமேல் நிரப்புவதில்லை. மாவின் நடு, அடியிலிருந்து ஏழரை செ.மீ. உயரத்தில் இருக்கிறது. எனவே மூடிக்குக் கீழே 22 செ.மீ. குழாய் இறங்கினால், மாவு பொங்கிய பின்னும் முனை அதற்குள்ளேயே இருக்கும். மூடிக்கு மேலே நிற்க இன்னும் 5 செ.மீ. சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.

முனையை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாகப் படியும் நிறத்தைத் தேய்த்து நீக்காமல் விட்டால், நம் கடற்காற்றிலும் மாவின் உப்பிலும் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். காசு கூடினாலும் எவர்சில்வரில் 304 ரகத்தைவிட 316 ரகக் குழாய் உப்பைத் தாங்கும். அடைத்த பின், குழாய்க்குள் ஒரு காகிதச் சுருளை வைத்து, வாய் வெளியே இருக்கும்படி இரவு முழுவதும் தண்ணீரில் நிறுத்துங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் பட்டறைக்குத் திரும்பத்தான் வேண்டும்.

மூடியின் நடுவில் 15 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான துளையிட்டு, பி.ஜி.9 அளவுள்ள நைலான் கேபிள் கிளாண்டை (குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் மரையுள்ள பிடிப்பானை) பொருத்தி, அதன் வழியே குழாயை இறக்கி இறுக்குங்கள். துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் கழுவும்போது கை கிழியும். பிறகு குழாய்க்குள் அரை மில்லி நல்லெண்ணெய் விட்டு உணரியை அடிவரை தள்ளுங்கள். இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பும். ஏதோ ஒரு நாள் கசிந்தாலும் அது சாப்பிடும் எண்ணெய்தானே. மேல்வாயை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள்.

மாவில் வைக்குமுன் ஐஸ் சோதனை செய்ய வேண்டும். நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, குழாயை ஐந்து நிமிடம் நிறுத்தினால் திரை 0 டிகிரிக்கு அரை டிகிரி முன்பின்னாகக் காட்ட வேண்டும். முதல் தடவை நான் படகிலிருந்து வந்த மீன் பெட்டியின் மிச்ச ஐஸை எடுத்துவந்தேன். திரை மைனஸ் 2 காட்டியது. உணரிதான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். பெட்டியில் கடல்நீர் கலந்திருந்தது, உப்பு ஐஸின் உருகுநிலையைக் குறைத்துவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டு ஃபிரிட்ஜில் நல்ல தண்ணீரை உறையவைத்த ஐஸையே பயன்படுத்துங்கள்.

மின்னிணைப்புகள் கடற்கரையில் பச்சை பூத்துப்போகும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், ஒட்டும் பசையுள்ள சுருங்கு உறையால் அவற்றை மூடி, திரையை ஈரக்கை படாத உயரத்தில் மாட்டுங்கள்.

எனக்கு 28 முதல் 30 டிகிரி வரை மாவு ஒழுங்காகப் பொங்குகிறது. உளுந்தோடு வரும் லூகோநாஸ்டாக் நுண்ணுயிர்கள் வாயுவைத் தந்து மாவை உப்பவைக்கின்றன. சூடு கூடினால் பொங்குவதைவிடப் புளிப்பு முந்துகிறது. அரைத்து முடிந்ததும் நடுச்சூடு 32ஐத் தாண்டியிருந்தால் டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அரை மணிக்கொரு முறை கரண்டியால் கிளறி ஆற்றுகிறேன். மறுநாள் அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் மாவை எடுத்தவுடன் குழாயைத் துடைத்துக் கழுவுங்கள், வாரம் ஒரு நாள் கிளாண்டைக் கழற்றி மரைகளுக்குள் காய்ந்த மாவைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள்.