பயிற்சி ஆசிரியர்களுக்குச் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் படிப்பு படிப்பவர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே வருகைப் பதிவுக்கு ஒரு செயலி, பாடக்குறிப்புக்கு இன்னொன்று, போதாக்குறைக்கு இரண்டு வாட்ஸ்அப் குழு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். வகுப்பைச் சமாளிக்கவே திணறுகிறவருக்கு இது உதவியே இல்லை. ஒரே செயலி போதும், அதுவும் இணையம் இல்லாதபோது எழுதி வைத்துவிட்டுப் பிறகு அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, செயலியைக் கண்காணிப்புக் கருவியாக்குவது. எங்கே இருக்கிறார் என்று ஜிபிஎஸ் பார்ப்பது, தினமும் அனுபவக் குறிப்பு கேட்பது, அந்தக் குறிப்புக்கே மதிப்பெண் போடுவது. மதிப்பெண் போடுபவரிடம் போய் 'இன்றைக்கு வகுப்பு என் கைமீறிப் போய்விட்டது' என்று யார் எழுதுவார்? 'பாடம் சிறப்பாக முடிந்தது' என்றுதான் எழுதுவார்கள், அப்புறம் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதே வழிகாட்டிக்குத் தெரியாது. அனுபவக் குறிப்பை மதிப்பெண்ணிலிருந்து பிரித்துவிடுங்கள், அதை யார் படிப்பார்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பின்னூட்டம் என்று ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை, எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். உதாரணமாக, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று நொடி பொறுத்தாலே மாணவர்களின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தன் ஆய்வில் காட்டினார். 'மூன்றாவது கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், நாளை கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்' என்று அன்றே ஒரு குரல் பதிவு அனுப்பினால் மறுநாளே அதைச் செய்து பார்க்கலாம்.

வீடியோ எடுப்பதென்றால் முழுப் பாடவேளையையும் எடுக்காதீர்கள், யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தலிலேயே (சிறு குழுவுக்குச் சின்னப் பாடம் நடத்திப் பழகும் முறை) பாடம் ஐந்து முதல் பத்து நிமிடம்தான்.

அந்த வீடியோவில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் பலருடைய கேலரியில் தானாகவே சேமிக்கப்படும், அங்கிருந்து கிளவுடுக்கும் போகலாம், 'அனைவருக்கும் நீக்கு' அழுத்தினாலும் ஏற்கெனவே வெளியே போன பிரதிகள் திரும்பி வராது. பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் எடுக்கவே கூடாது. ஒப்புதல் இருந்தாலும் கேமராவை வகுப்பின் பின்பக்கம் வைத்தால் பெரும்பாலும் ஆசிரியரின் முகம்தான் விழும்.

இன்னொன்று, எல்லாரும் இருக்கும் குழுவில் ஒருவரின் குறையைச் சொல்லாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, தினமும் வகுப்பில் கூடவே இருக்கிற பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்குப் பல இடங்களில் அந்தச் செயலியில் கணக்கே இருப்பதில்லை. பயிற்சி தொடங்கும் முன்பே அவருக்கு ஒன்று திறந்து கொடுங்கள், அவருக்குச் செயலி சரிப்படாவிட்டால் நேரில் சொல்வதை பயிற்சி ஆசிரியரே அதில் குறித்துக்கொள்ளட்டும்.