பொனேரில் படகில்லாமல் டைவ் அடிப்பது எப்படி

வெனிசுலாவுக்கு வடக்கே இருக்கும் டச்சுத் தீவான பொனேரில் டைவ் அடிக்க, அதாவது முதுகில் காற்று டேங்க் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்த, படகு தேவையில்லை. வாடகைக்கு ஒரு பிக்அப் வண்டி எடுத்து, பின்னால் நாலு டேங்கைப் போட்டுக்கொண்டு மேற்குக் கரைச் சாலையில் போனால், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் டைவ் இடங்களின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்துங்கள், மாட்டுங்கள், இறங்குங்கள், அவ்வளவுதான். கிழக்குக் கரைப்பக்கம் மட்டும் தனியாகப் போக வேண்டாம். காற்று ஓயாமல் அங்கேதான் அடிக்கும், அலையும் முரட்டு அலை.

முதலில் 40 டாலர் கட்டணம். கடல் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டினாப்பா அமைப்புக்கு ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். அப்புறம் டைவ் கடையில் விதிகளைச் சொல்லி ஒரு சோதனை டைவ் அடிக்கவைப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடை சரியாக இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கையுறை கூடாது. பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனும் கூடாது. முழுக்கைச் சட்டையே போதும்.

இங்கே அடிபடுவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, முதல் பத்தடியில்தான். கரை முழுக்கக் கூரான பவளக்கல், வழுக்கும் பாசி, ஆகவே கெட்டியான அடி வைத்த பூட்ஸ் கட்டாயம். நான் முதல் நாள் கரையிலேயே காலில் துடுப்பை (ஃபின்) மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்துபோய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். துடுப்பைக் கையில் பிடியுங்கள், மாஸ்க்கும், டேங்க் காற்றை வாயால் இழுக்கும் ரெகுலேட்டரும் முகத்தில் இருக்கட்டும், நாலைந்து அலை போகிறவரை நின்று பாருங்கள், அலை அடங்குகிற இடைவெளியில் இடுப்பளவு தண்ணீருக்குப் போய் மிதந்துகொண்டே துடுப்பை மாட்டுங்கள். வெளியே வரும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். நிற்க முடியவில்லையா, வெட்கப்படாமல் தவழ்ந்தே வாருங்கள்.

உள்ளே போனதும் சுமார் 10 மீட்டரில் மணல் முடிந்து பாறைச் சரிவு தொடங்கும். அந்த விளிம்பில் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்து, படகு கட்டும் மிதவையின் சிமென்ட் கட்டையோ பெரிய பவளமோ எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது எல்லாப் பவளமும் ஒரே மாதிரிதான் தெரியும். நீரோட்டத்தை எதிர்த்துப் போய், அதோடு திரும்புவது வழக்கம். டேங்கின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கினால் 120 வந்ததும் திரும்புவேன், மிச்சம் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் சுற்ற உதவும்.

எங்கே போவது? கஞ்சா கடத்திய ஹில்மா ஹூக்கர் கப்பல் 1984-இல் மூழ்கி, 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஆழம் பழகியவர்களுக்குத்தான் அது. கப்பலில் உப்பு ஏற்றும் துறையான சால்ட் பியரின் தூண்கள் எனக்கு அதைவிடப் பிடிக்கும், ஆனால் கப்பல் நிற்கிற நாளில் இறங்க விடமாட்டார்கள், கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். 'ஆயிரம் படிகள்' என்ற இடத்தில் எண்ணிப் பார்த்தால் சுமார் எழுபதுதான், ஏன் அந்தப் பெயர் என்பது டேங்கைச் சுமந்து மேலே ஏறும்போது புரியும்.

டேங்க் இல்லாமல் மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல் மட்டும் என்றால் எதிரே ஆளில்லாத கிளெய்ன் பொனேர் தீவு இருக்கிறது. நகரத்திலிருந்து படகு டாக்ஸியில் போய், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று படகுக்காரரிடம் கேட்டு, கரையோடு எதிர்த்திசையில் நடந்துவிட்டு இறங்கினால் கடலே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். அங்கே கடை கிடையாது, நிழலும் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

வண்டியில் பணம், பாஸ்போர்ட், போன் எதையும் வைக்காதீர்கள். பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள் என்பதால் பலர் திறந்தே விட்டுப்போகிறார்கள். விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் டேங்க் டைவ் கூடாது, அதனால் கடைசி நாளை ஸ்நார்கெலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.