டெக்சாஸ் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ப்ரொட்டெஸ்ட்: எந்த ஆதாரம் நிக்கும், எது நிக்காது

ஏப்ரல்ல, வரிக்காக உங்க வீட்டுக்கு இவ்ளோ மதிப்புன்னு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (மதிப்பு போடுற ஆபீஸ்) அனுப்புற அப்ரைசல் நோட்டீஸ் வந்ததும் வாட்ஸ்அப் க்ரூப்ல வருஷா வருஷம் அதே புலம்பல்தான். ஆன்லைன் எஸ்டிமேட்டை ப்ரிண்ட் போட்டுட்டுப் போகாதீங்க, ப்ரொட்டெஸ்ட், அதாவது அந்த மதிப்பை எதிர்த்து மனு, போடுறதுக்கான மே 15 கெடுவை விட்டுடாதீங்க (நோட்டீஸ் அனுப்பினதுல இருந்து 30 நாள், ரெண்டுல எது லேட்டோ அது), இதெல்லாம் ஊருக்கே தெரியும், விடுங்க.

பக்கத்து வீட்டோட தப்பான நம்பர்

இதைப் பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. புதுசா வீடு வாங்கின தம்பி ஒருத்தர், அவரோட ஹியரிங்குக்கு (மனு மேல நடக்கற விசாரணை) நானும் கூடப் போயிருந்தேன், கவுண்டி சைட்ல இருந்து அஞ்சு வீட்டு மதிப்பை எடுத்து மஞ்சள் ஹைலைட்டர்லாம் போட்டு, "அதே தெரு, அதே ஃப்ளோர் ப்ளான், எனக்கு 5 லட்சம் டாலர், எதிர் வீட்டுக்கு மட்டும் 4 லட்சத்து 18 ஆயிரமா?"ன்னு கேட்டார். விசாரிக்கற பேனல்ல ஒரு அம்மா தாளைத் திருப்பிப் பாத்துட்டு, "இது மார்க்கெட் வேல்யூ இல்லையே, கேப் போட்ட நம்பராச்சே"ன்னாங்க. அவ்ளோதான், முடிஞ்சுது.

ஹோம்ஸ்டெட் (சொந்தக்காரர் தானே குடியிருக்கற வீட்டுக்கான வரிச்சலுகை) இருக்குற வீட்டுக்கு அப்ரைஸ்டு வேல்யூ, அதாவது வரி கணக்குக்கு எடுக்கற மதிப்பு, வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறாது, அதுதான் கேப்; புதுசா எதாவது கட்டினா அது தனி. போன வருஷம் 3 லட்சத்து 80 ஆயிரம்னா இந்த வருஷம் 4 லட்சத்து 18 ஆயிரத்தோட நின்னுடும், மார்க்கெட் வேல்யூ 5 லட்சமாவே இருந்தாலும். வாங்கின உடனே உங்களுக்கு அந்த கேப் வராது, ஹோம்ஸ்டெட் கிடைச்ச முதல் வருஷம் முடிஞ்சு அடுத்த ஜனவரியிலதான் ஆரம்பிக்கும். அதனால எதிர் வீட்டுக்காரர் கம்மியா கட்டுறதும் நீங்க ஜாஸ்தி கட்டுறதும் சட்டப்படி சரி, அதை வச்சு அநியாயம்னு வாதாட முடியாது. மார்க்கெட் வேல்யூன்னு போட்டிருக்கற நம்பரை மட்டும் பாருங்க, சதுர அடி, கட்டின வருஷம், பூல் இதுக்கெல்லாம் கூட்டிக் கழிச்சு, வர்ற நம்பர்கள்ல மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற நம்பர்) உங்க மதிப்பை விடக் கம்மியா இருந்தாதான் உங்களுக்கு கேஸ்.

இத்தனைக்கும் அந்தத் தம்பி வீட்டு ஃபவுண்டேஷன்ல விரிசல், ரிப்பேர் எஸ்டிமேட் வீட்டு டிராயர்ல தூங்கிட்டு இருந்துது!! அந்த வருஷம் போச்சு, இனி டெபாசிட் கட்டி ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு), இல்லேன்னா கோர்ட்.

ஜனவரி 1

அன்னைக்கு வீடு இருந்த நிலைதான் கணக்கு. ஏப்ரல் ஆலங்கட்டி மழையில ரூஃப் போனது இந்த வருஷத்துக்கு உதவாது.

வெறும் போட்டோ

கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்த தொகை இல்லேன்னா அது ஆல்பம்தான்.

டிஸ்ட்ரிக்ட் எவிடென்ஸைக் கேக்காம போறது

டெக்சாஸ்ல வீடு வித்த விலையை வெளியில சொல்லியே ஆகணும்னு சட்டம் கிடையாது, அதனால சேல்ஸ் டேட்டா உங்க கைக்கு சுலபமா வராது, தெரிஞ்ச ஏஜென்ட்கிட்டதான் கேக்கணும். ஆனா டிஸ்ட்ரிக்ட் ஹியரிங்ல காட்டப்போற ஆதாரத்தை நீங்க கேட்டா 14 நாள் முன்னாடியே தந்தாகணும், கேட்டும் தராததை அங்க அவங்க யூஸ் பண்ண முடியாது. அவங்க எடுத்த வீடுகள்லயே உங்களுக்கு சாதகமா ஒண்ணு ரெண்டு மாட்டும் பாருங்க.

"இவ்ளோ டாக்ஸ் கட்ட முடியல சார்"

பேனலுக்கு அது சம்பந்தமே இல்ல.

ஃபார்ம்ல ஒரே ஒரு டிக்

மார்க்கெட் வேல்யூ தப்பு, மத்த வீடுகளோட ஒப்பிட்டா சமமா இல்ல, ரெண்டுலயும் டிக் போடுங்க. ஒண்ணை விட்டா அந்த வாதத்தை ஹியரிங்ல எடுக்க விட மாட்டாங்க.